11.05-க்கு உள்ளே வந்த லாரி

சம்பளப் பாக்கி வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைக்கும் வாதம் "பாக்கி இல்லை" என்பதாகப் பெரும்பாலும் இருக்காது. "இந்த ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை" என்பதாகத்தான் இருக்கும். பாக்கி இல்லை என்றால் பணம் கொடுத்ததற்கு ரசீது காட்ட வேண்டும். ஆளே இல்லை என்றால் எதையும் காட்ட வேண்டியதில்லை. தான் அங்கே வேலை பார்த்தவன்தான் என்று நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில் வந்து விழும். நியமனக் கடிதம் கிடையாது, பி.எஃப். எண் கிடையாது, சம்பளம் கவரில் போட்டு ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது என்றால், அவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் காவல் இருந்த மூன்று பேருக்காக 2008-ல் நான் நடத்திய வழக்கு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. தொழிற்சாலையின் பெயரும், அவர்களை அனுப்பிய செக்யூரிட்டி ஏஜென்சியின் பெயரும் இங்கே வேண்டாம்.

மூவரில் மூத்தவருக்கு 58 வயது. திருவண்ணாமலைப் பக்கம் மணிலா பயிரிட்டவர். கிணறு வற்றிய பிறகு சென்னைக்கு வந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. காலை எட்டு மணிக்கு கேட்டில் நின்றால் இரவு எட்டு வரை டியூட்டி. மாதம் 4,000 ரூபாய். 2007 தீபாவளிக்குப் புது யூனிஃபார்ம் கொடுத்துவிட்டு, அதற்கென்று ஆளுக்கு 1,200 ரூபாயைச் சம்பளத்தில் பிடித்திருந்தார்கள். 2008 ஜனவரியிலிருந்து சம்பளமே வரவில்லை. ஏப்ரல் 30-ம் தேதி ஏஜென்சியின் ஒப்பந்தம் முடிந்தது. அன்று மாலையே சூப்பர்வைசர் வந்து அடையாள அட்டை, பெல்ட், தொப்பி, விசில் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். நான்கு மாதச் சம்பளக் கணக்கை மட்டும் அவர் பார்க்கவில்லை.

நான்கு மாதம் சம்பளம் இல்லாமல் ஏன் வேலை பார்த்தீர்கள் என்று விசாரணையிலேயே கேட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நியாயமான கேள்வியாகத்தான் தோன்றும். முதல் மாதம் நின்றபோது "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றோம்" என்றார்கள். இரண்டாவது மாதம் நின்றபோது வேலையை விட்டால் இரண்டு மாதப் பணமும் போய்விடும் என்ற பயம். மூன்றாவது மாதம் அந்தப் பயம் இன்னும் பெரிதாகிவிடும். பாக்கி ஏற ஏற, கிளம்பும் துணிச்சல் குறையும். கொடுக்காமல் இழுத்தடிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மெஸ்ஸில் கடன், ஊரில் வட்டி. பெரியவர் சாப்பாட்டை ஒரு வேளையாகக் குறைத்திருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை, கூட வந்தவர்தான் சொன்னார்.

மூவரும் இரண்டு இடங்களுக்கு மாறி மாறி நடந்திருந்தார்கள். ஏஜென்சியில், "கம்பெனி எங்க பில்லை பாஸ் பண்ணலை, வந்ததும் தர்றோம்" என்றார்கள். கம்பெனியில், "ஏஜென்சிக்கு மார்ச் வரைக்கும் செக் கொடுத்தாச்சு, அங்கே போய்க் கேளுங்க" என்றார்கள். தாங்கள் பன்னிரண்டு மணி நேரம் காவல் காத்த அதே கேட்டில், இப்போது புது ஏஜென்சியின் ஆட்கள் இவர்களை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்தார்கள்.

எந்த மன்றத்துக்குப் போவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. தொழில் தகராறுகள் சட்டம் 33-சி(2) பிரிவின் கீழ் தொழிலாளர் நீதிமன்றம் போயிருக்கலாம். அதற்குக் காலவரம்பு இல்லை என்பது ஒரு வசதியாக இருந்தது. ஆனால் உரிமையே தகராறில் இருந்தால் அந்தப் பிரிவு உதவாது, முதலில் உரிமையை நிலைநாட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிடும். டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் அப்படித்தான் சொன்னது. "ஆளே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லப்போவது எனக்குத் தெரியும். ஆகவே 1936-ம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடா சட்டத்தின் 15-வது பிரிவைப் பிடித்தேன். அதன் கீழ் பன்னிரண்டு மாதத்துக்குள் மனுப் போட வேண்டியிருந்தது. நாங்கள் செப்டம்பரிலேயே போட்டுவிட்டோம். மூவருக்கும் சேர்த்து ஒரே மனு போட 16-வது பிரிவு இடம் கொடுத்தது.

அந்தச் சட்டத்தில் 2005-ம் வருடத் திருத்தம் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் அதைக் கொடுக்கும் பொறுப்பு வேலை கொடுத்த நிறுவனத்தையே சேரும் என்று 3-வது பிரிவில் எழுதிவிட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-வது பிரிவும் அதையேதான் சொன்னது. அந்தப் பிரிவில் பலர் கவனிக்காத இன்னொரு கட்டளையும் இருந்தது. ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கும்போது முதன்மை முதலாளியின், அதாவது வேலை கொடுத்த நிறுவனத்தின், பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் இருந்து, கொடுக்கப்பட்டது என்று சான்று எழுத வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்துகளைக் காட்டுங்கள் என்று கம்பெனியைக் கேட்டேன். ஒன்றுகூட இல்லை. ஏஜென்சியின் பில்லுக்குச் செக் கொடுத்தவர்கள், அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்று ஒரு மாதம்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்கு ஓவர்டைம் கேட்க வேண்டும் என்று மூவரில் இளையவர் வற்புறுத்தினார். அவர் கேட்டது நியாயம். ஆனால் நான் அதை இந்த மனுவில் சேர்க்கவில்லை. காவல் பணிக்கு ஓவர்டைம் பொருந்துமா என்ற வாதத்தில் எதிர்த்தரப்பு இரண்டு வருடம் ஓட்டிவிடும். பேசிய சம்பளமும் அதோடு சேர்ந்து சிக்கிக்கொள்ளும். பசியோடு இருப்பவருக்கு முதலில் வர வேண்டியது தகராறுக்கு இடமில்லாத தொகை. இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்வேன்.

தொழிலாளர் துணை ஆணையர் முன் பதில் மனுக்கள் வந்தன. ஏஜென்சி சொன்னது: இந்த மூவரும் 2007 டிசம்பர் 31-ம் தேதியோடு நின்றுவிட்டார்கள், 2008 ஜனவரி 5-ம் தேதி கணக்கு முடித்துப் பணம் வாங்கிக்கொண்டார்கள். சாட்சியமாக மூன்று வவுச்சர்கள். ஒவ்வொன்றிலும் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் கையெழுத்து. கம்பெனி சொன்னது: ஏஜென்சி யாரை அனுப்பியது என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் தலையை எண்ணித்தான் பில் போடுவோம்.

வவுச்சரைப் பெரியவரிடம் காட்டினேன். "கையெழுத்து என்னுதுதான் சார். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு வெத்துத்தாள்ல வாங்கினாங்க. எல்லாரும்தான் போட்டோம்" என்றார்.

உண்மைதான், ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? கையெழுத்தை ஒப்புக்கொண்டுவிட்டு வெற்றுத்தாள் என்றால் எந்த அதிகாரியும் யோசிப்பார். அங்கே என்னதான் வேலை செய்தீர்கள், காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று அவரை உட்கார வைத்துக் கேட்டேன். கேட் திறப்பது, வண்டியை நிறுத்துவது, பில் பார்ப்பது, நோட்டில் எழுதுவது...

"என்ன நோட்டு?"

"கேட் ரிஜிஸ்டர் சார். எந்த வண்டி வந்தாலும் நம்பரு, டைம்மு, டிரைவர் பேரு எழுதணும். எழுதலைன்னா ஃபைன் போடுவாங்க."

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடி கிடைத்தது. அந்த நோட்டைக் கொண்டுவர கம்பெனிக்கு உத்தரவிடக் கோரி மனுப் போட்டேன். பழைய ரிஜிஸ்டர்கள் கிடைக்கவில்லை என்றார்கள். வைத்திருக்க வேண்டிய ஆவணத்தைத் தராவிட்டால் அது உங்களுக்குப் பாதகமானது என்றே எடுத்துக்கொள்வேன் என்று துணை ஆணையர் தெளிவாகச் சொன்னார். அடுத்த வாய்தாவுக்கு ரிஜிஸ்டர்கள் வந்துவிட்டன.

கெட்டி அட்டை போட்ட நீளமான நோட்டுகள். காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் ஷிப்ட் மாறும்போது பொறுப்பு ஒப்படைத்தவரும் ஏற்றுக்கொண்டவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூவர் பெயரும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. பெரியவர் எழுதிய பக்கங்களைத் தனியாகத் தேட வேண்டிய அவசியமே இல்லை. மற்றவர்கள் வண்டி எண்ணை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்க, அவர் மட்டும் தமிழில் "டிஎன் 20" என்று எழுதிப் பக்கத்தில் எண்ணைப் போட்டிருந்தார். ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கட்டத்தில் மற்றவர்கள் எதுவும் எழுதுவதில்லை. அவர் எழுதியிருந்தார்: "தார்ப்பாய் சரியா கட்டலை, கட்டச் சொல்லி அனுப்பினேன்." "பில்லில் 40 பெட்டி, வண்டியில் 39. ஸ்டோருக்குச் சொன்னேன்." சம்பளம் நின்று மூன்றாவது மாதத்தில் எழுதிய குறிப்பு இது. படித்துக்கொண்டு வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏஜென்சி மேலாளரைக் குறுக்கு விசாரணை செய்த அன்று ரிஜிஸ்டரை உடனே எடுக்கவில்லை. வவுச்சரைப் பற்றி மட்டும் கேட்டேன். பணம் எங்கே வைத்துக் கொடுக்கப்பட்டது? எங்கள் ஆபீஸில். யார் கொடுத்தது? நான்தான். பெரியவர் நேரில் வந்தாரா? வந்தார். எத்தனை மணிக்கு? அவர் கொஞ்சம் யோசித்தார். சனிக்கிழமை, நான் ஆபீஸுக்கு வந்த கொஞ்ச நேரத்தில், ஒரு பதினோரு மணி இருக்கும் என்றார். துணை ஆணையர் அதை எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

பிறகு ஜனவரி 5-ம் தேதிப் பக்கத்தைத் திறந்து அவரிடம் கொடுத்து வரிசையாகப் படிக்கச் சொன்னேன். 10.50-க்கு ஒரு வேன் வெளியே போயிருக்கிறது. 11.05-க்கு ஒரு லாரி உள்ளே வந்திருக்கிறது. 11.40-க்கு அதே லாரி வெளியே. மூன்று வரிகளும் தமிழில், "டிஎன்" என்று தொடங்கும் அதே கையெழுத்தில். அன்று காலை எட்டு மணிக்குப் பொறுப்பேற்றுப் போட்ட கையெழுத்தும் வவுச்சரில் ஸ்டாம்ப் மேல் இருந்த கையெழுத்தும் ஒன்றே. அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்று ஏஜென்சியே பதில் மனுவில் சொல்லியிருந்தது. டிசம்பரிலேயே வேலையை விட்டுப் போனவர் ஜனவரி 5-ம் தேதி லாரிக்கு எப்படிக் கேட் திறந்தார் என்று கேட்டேன். மேலாளர் பதில் சொல்லவில்லை. கம்பெனியின் வக்கீல் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

2009 இறுதியில் உத்தரவு வந்தது. இப்படிப்பட்ட மனுவைக் கூடுமானவரை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆளுக்குச் சம்பளம் 16,000 ரூபாய். யூனிஃபார்முக்குப் பிடித்தது 7-வது பிரிவு அனுமதிக்காத பிடித்தம் என்பதால் அந்த 1,200 ரூபாயும், அதற்கு இரண்டு மடங்கு இழப்பீடும். சம்பளம் தாமதமானதற்கு 3,000 ரூபாய். அன்றைய சட்டத்தில் அதுதான் உச்ச வரம்பு. மூவருக்கும் சேர்த்து 67,800 ரூபாய். ஏஜென்சி கொடுக்காவிட்டால் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. ஏஜென்சி கொடுக்கவில்லை. மேல்முறையீடு போக வேண்டுமானால் முழுத் தொகையையும் கட்டிய சான்றை மனுவோடு வைக்க வேண்டும் என்றது 17-வது பிரிவு. கம்பெனி பணத்தைக் கட்டியது, மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

இந்த வழக்கில் நான்காவதாக ஒருவர் இருந்திருக்க வேண்டும். மகள் கல்யாணம் நெருங்கியதால் ஏஜென்சியிடம் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இனி பாக்கி ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது, 23-வது பிரிவு அப்படிச் சொல்கிறது, மீதியைக் கேட்கலாம் என்று அவரிடம் சொன்னேன். "கை நீட்டி வாங்கிட்டேன் சார், இனிமே கேட்டா நல்லாருக்காது" என்று மறுத்துவிட்டார். நாணயம் பார்த்த அந்த மனிதருக்குச் சேர வேண்டிய 11,000 ரூபாய் கடைசிவரை வரவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2019-ம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாக்கி கேட்க ஒரு வருடம் என்றிருந்த காலவரம்பு மூன்று வருடமாகியிருக்கிறது. பணம் கொடுத்தாயிற்று என்பதை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. வேலையை விட்டாலும், விலக்கினாலும், நிறுவனமே மூடினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்தாக வேண்டும். இவ்வளவு சம்பளத்துக்கு மேல் வாங்கினால் இந்தச் சட்டம் பொருந்தாது என்ற வரம்பும் இல்லை. ஆனாலும் "ஆளே இல்லை" என்பவர்கள் நாளையும் சொல்வார்கள். உங்கள் வேலையில் நீங்கள் எழுதும், கையெழுத்துப் போடும் எதுவானாலும் மாதம் ஒரு பக்கத்தையாவது செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால், தேதியையும் தொகையையும் நிரப்பிய பிறகே போடுங்கள்.

ஏஜென்சி மூலம் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாத பில்லுக்குச் செக் எழுதுவதற்கு முன், போன மாதச் சம்பளம் வந்ததா என்று உங்கள் கேட்டில் நிற்பவரிடமே கேளுங்கள். பாக்கி நிற்பவர்கள் வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ம் வருடத்துச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.