தாய்க்கு வழி விடுவோம்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில், புலாவ் செபாங்கிலிருந்து எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மஸ்ஜித் தானா பக்கத்துக் கடற்கரைக்குப் போனோம். மணல் மேட்டை ஒட்டிப் பாய் விரித்தோம்.

சற்று நேரத்தில் ஒரு சின்னப் பறவை சிறகை இழுத்துக்கொண்டு எங்கள் முன்னால் தடுமாறியது. "டீச்சர், பாவம், இறக்கை ஒடிஞ்சி போச்சு!" என்று பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். நானும் சிரித்தபடி பார்த்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அது விர்ரென்று பறந்தது. பிறகும் கத்திக்கொண்டே எங்களைச் சுற்றி வந்தது.

சாப்பிட்டு எழுந்தபோதுதான் கண்டேன். பாயிலிருந்து பத்தடி தள்ளி, மணல் நிறத்திலேயே ஒரு குஞ்சு, கொதிக்கும் வெயிலில் அசையாமல் கிடந்தது. இரண்டு மணி நேரமாகத் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்!

வீடு திரும்பியதும் தேடிப் படித்தேன். அது உப்புக்கொத்தி இனம். வெறும் மணலில்தான் முட்டையிடும். பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சு ஓடும். தன் இரையைத் தானே கொத்தும். ஆனால் சுமார் ஒரு மாதம் பறக்கத் தெரியாது. வெயிலையும் குளிரையும் தாங்காது. தாயோ தகப்பனோ வந்து மூடிக் காக்க வேண்டும். மனிதர் நெருங்கினால் குஞ்சு அசையாமல் பதுங்கும். பெரியது நொண்டுவதுபோல் நடித்து நம்மை அப்பால் இழுக்கும். நாம் நிற்கும்வரை குஞ்சுக்கு இரையும் இல்லை, நிழலும் இல்லை. காக்கைக்கும் நாய்க்கும் அதுவே நல்ல வேளை. நம் நாட்டுப் பெயரையே தாங்கிய மலேசிய உப்புக்கொத்தியும், உலகில் அழியும் ஆபத்தை நெருங்கிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

சிறு வயதில் அம்மா என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். நான் அழுதாலும் நிரை முடியாமல் அவரால் வர முடியாது. அந்தத் தவிப்பை அறிந்த நானே இன்னொரு தாயை மறித்துவிட்டேன்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் கோல் ஆயில் பாயிண்ட் கடற்கரையில், 2001-இல் கயிறு கட்டி, தொண்டர்கள் நின்று, வருவோரை ஒதுங்கி நடக்கச் சொன்னார்கள். பல்லாண்டுகளாக அங்கே குஞ்சு பொரிக்காதிருந்த உப்புக்கொத்திகள் மீண்டும் பொரித்தன. கடற்கரையை மூடவில்லை, வழி விட்டார்கள், அவ்வளவுதான்.

நம் பாடாங் கெமுண்டிங்கில் ஆமை முட்டைகளுக்குக் காப்பகம் இருக்கிறது. இந்தக் குஞ்சுகளுக்கு நாம்தான் காவல். ஈர மணலில் நடப்போம். பறவை நொண்டினால் துரத்தாமல், காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்புவோம்.

அன்று பாயைச் சுருட்டி விலகியதும் தாய் ஓடி வந்தது. குஞ்சு எழுந்ததா என்று பார்க்கப் பிள்ளைகள் கெஞ்சினார்கள். நான் விடவில்லை.