குளத்தங்கரைப் பலகைத் தளம்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். வன்னியில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. 2012 இல் ஜேர்மனிக்கு வந்தேன். இப்போது ஒரு தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி வேலை. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று ஒரு சின்ன வேலையைப் பற்றி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி வீடு. மண்ணைத் தொட ஆசைப்பட்டு, 2022 இல் இங்கு கிளைன்கார்ட்டன் என்று சொல்லும் சிறு தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தோம். இதற்கென்று 1983 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தோட்டம் 400 சதுர மீற்றருக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அதிலுள்ள குடில் 24 சதுர மீற்றருக்கு மேற்படக் கூடாது. அதில் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. மரக்கறியும் பழமரமும் கட்டாயம் வைக்க வேண்டும்.

முன்பு இருந்தவர் ஒரு சின்னக் குளம் வெட்டி, ரப்பர் விரிப்புப் போட்டு விட்டுப் போயிருந்தார். கரை முழுவதும் சேறு. ஒருநாள் எங்கள் ஐந்து வயது மகள் தவளை பார்க்கப் போய்ச் சறுக்கி உள்ளே விழுந்துவிட்டாள். நான் இரண்டு அடி தள்ளி நின்றபடியால் சட்டையில் பிடித்துத் தூக்கினேன். முழங்கால் ஆழம்தான். ஆனால் சின்னப் பிள்ளைக்கு அதுவே போதும்.

"ஒண்டில் குளத்தை மூடுங்கோ, இல்லாட்டி ஒழுங்கா ஒரு கரை கட்டுங்கோ" என்றார் மனைவி.

ஊரில் கிணற்றடிக்குப் போடுவதுபோல் சீமெந்தில் கட்டிவிட நினைத்தேன். தோட்டச் சங்கச் செயலாளர் மறுத்துவிட்டார். "கொங்கிறீற் கூடாது. நீங்கள் போகும்போது கழற்றி எடுக்கக்கூடியதாக இருந்தால் போடலாம்" என்றார். அவர் விதியைத்தான் சொன்னார். எனக்கு மனதுக்குள் சுருக்கென்றது.

2008 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது, அப்பா வீட்டுக் கூரைத் தகரம், கதவு, யன்னல் எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றினார். போன இடத்தில் கொட்டில் போட்டோம். ஷெல் கிட்ட வந்ததும் திரும்பவும் கழற்றினோம். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்துவது என் வேலை. விசுவமடுவுக்கு அப்பால் ஏற்ற வாகனமில்லை. எங்கள் வாசற்கதவைத் தெருவோரம் சாத்தி வைத்துவிட்டு நடந்தோம். இனிக் கட்டுவதென்றால் ஒருவரும் அசைக்க முடியாதபடி கட்ட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டவன் நான்.

பக்கத்துத் தோட்டத்துக் கிழவர் இளைப்பாறிய தச்சர். அவர்தான் வேலையைச் சொல்லித் தந்தார். 2023 வசந்தத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் முடித்தோம்.

மூன்று மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம். அதை ஒரு மீற்றர்த் துண்டுகள் மூன்றாகச் செய்தோம். மண்ணைச் சுரண்டி, களை வராத துணி விரித்து, அதன்மேல் சல்லி போட்டு இறுக்கினோம். 30 சென்ரிமீற்றர்ச் சதுரச் சீமெந்துக் கற்கள் 14 ஐ இரண்டு வரிசையாக வைத்தோம். கல் எதுவும் குளத்து ரப்பர் விரிப்பின்மேல் வரக் கூடாது. நீர்மட்டம் வைத்துப் பார்த்து, குளத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு சென்ரிமீற்றர் சரிவு விட்டோம். தளத்து அழுக்குத் தண்ணீர் குளத்துக்குள் போகாது.

ஒவ்வொரு துண்டுக்கும் கீழே மூன்று சட்டம், அரை மீற்றர் இடைவெளி. கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர்த் துண்டு வைத்தால் மரம் ஈரத்தில் நிற்காது. மேலே 27 மில்லிமீற்றர்த் தடிப்பான லார்ச் மரப் பலகை ஏழு. பலகைக்குப் பலகை 6 மில்லிமீற்றர் இடைவெளி விட்டோம். மழைக்கு மரம் ஊதும். குளத்துப் பக்கப் பலகை கொஞ்சம் வெளியே நீட்டி நின்றால் விரிப்பின் ஓரத்தில் வெயில் படாது.

திருகாணி துருப்பிடிக்காத உருக்கில்தான் வாங்க வேண்டும். சாதாரண இரும்பு என்றால் லார்ச் மரம் ஆணியைச் சுற்றிக் கறுத்துவிடும். முதலில் துளை போட்டுவிட்டுத் திருகுங்கள், இல்லாவிட்டால் நுனி வெடிக்கும். ஒரு துண்டுக்கு 42 திருகாணி போனது. ஒரு துண்டு இருபது கிலோவுக்குச் சற்றுக் கூட. இரண்டு பேர் இலகுவாகத் தூக்கலாம்.

தளம் போட்டதால் மட்டும் பிள்ளைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. தண்ணீருக்குச் சற்றுக் கீழே, பிள்ளையின் பாரம் தாங்கும் இரும்புக் கம்பித் தட்டியும் பொருத்தினோம். அப்படியிருந்தும் அவளைத் தனியே விடுவதில்லை. பாசி பிடித்தால் பலகை வழுக்கும். வசந்தத்தில் தும்புத்தடியால் உரஞ்சிக் கழுவ வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் நிலம் உறைந்து கல்லொன்று மேலெழும்பியது. தளம் ஆடத் தொடங்கியது. கிழவரும் நானும் அந்தத் துண்டைத் தூக்கி வைத்துவிட்டு, சல்லியைச் சரிப்படுத்தி, அரை மணித்தியாலத்தில் திரும்பப் பொருத்தினோம். சீமெந்தில் கட்டியிருந்தால் வெடித்திருக்கும். கழற்ற முடிவதால்தான் அது நிலைத்து நிற்கிறது என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

படமெடுத்து ஊருக்கு அனுப்பினேன். அப்பா எடுத்துக் கேட்ட முதற் கேள்வி, "ஆணியோ, திருகாணியோ?"

"திருகாணி அப்பா."

"அது நல்லது. ஆணியைப் பிடுங்கினால் பலகை பிளந்துபோகும்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பேத்தியை அதிலை இருத்தி ஒரு படம் எடுத்து அனுப்படா" என்றார்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் வீசா இன்னும் தற்காலிகமாக இருக்கலாம். வீடும் வேலையும் மாறலாம். அதற்காக ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டாம். சங்க விதியைக் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கி, கழற்றக்கூடியதாக ஒன்றைச் செய்யுங்கள். போக வேண்டி வந்தால் நாங்களே திருகாணியைக் கழற்றி, ஆறுதலாக எடுத்துக்கொண்டு போகலாம்.