தனிச்சுழியிலும் அடங்காதவை

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் வகுப்பு ஒன்றில் எஸ்.டி.பி.எம். மாணவர்களிடம், “தனிச்சுழி வெப்பநிலையில் அணுக்கள் என்ன செய்யும்?” என்று கேட்டால், “அசையாம நிக்கும் சார்” என்று பட்டென்று பதில் வரும். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர், போசான் அணுக்கள் அத்தனையும் ஒரே நிலையில் ஒடுங்கிவிடும் என்பார். அது முக்கால்வாசி சரி, சுவையெல்லாம் மிச்சத்தில்தான்.

1924இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அது ஒளித்துகளைப் பற்றியது. அதே கணக்கை அணுக்களுக்கு நீட்டி, அந்த ஒடுக்கத்தைக் கண்டவர் ஐன்ஸ்டைன். ஆனால் அவர் எடுத்துக்கொண்டவை ஒன்றையொன்று சட்டை செய்யாத அணுக்கள். நிஜ அணுக்கள் அவ்வளவு சாதுவல்ல, லேசாகவாவது முட்டிக்கொள்ளும்.

அந்த லேசான முட்டலையும் சேர்த்து 1947இல் சோவியத் அறிஞர் பொகொலியூபொவ் கணக்குப் போட்டார். வெப்பம் துளிகூட இல்லாவிட்டாலும் சில அணுக்கள் அந்த ஒடுங்கிய கூட்டத்துக்கு வெளியேதான் நிற்கும் என்று விடை வந்தது. அதுவும் ஜோடி ஜோடியாக: ஒன்று இந்தப் பக்கம் போனால் அதன் கூட்டாளி அதே வேகத்தில் எதிர்ப்பக்கம். கேரம் பலகையில் ஒட்டியிருந்த இரண்டு காய்கள் சிதறுவது மாதிரி. என்ன, இங்கே ஸ்டிரைக்கரை யாரும் சுண்டவில்லை.

எத்தனை அணுக்கள்? 1995இல் அமெரிக்காவின் போல்டரில் கார்னலும் வீமனும் ருபிடியத்தைக் கொண்டு அப்படி ஒடுங்கிய முதல் அணுக்கூட்டத்தை, அதாவது செறிபொருளை, உருவாக்கினார்கள். ஆய்வகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் ருபிடியம் செறிபொருள், நாம் மூச்சுவிடும் காற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு மெலிது. அதில் வெளியே நிற்பவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அளப்பது பெரும்பாடு. கேம்பிரிட்ஜ் குழு ஒன்று 2017இல் பொட்டாசியம் அணுக்களை எடுத்து, காந்தப்புலத்தால் முட்டலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தது. முட்டல் கூடினால் வெளியே நிற்பவை பெருகின, குறைத்தால் திரும்பிவந்து சேர்ந்தன. எழுபது வருடத்துக் கணக்கு பொய்க்கவில்லை.

திரவ ஹீலியத்தின் கதை வேறு. கிள்ளானில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் படுத்திருப்பவரின் தலைக்குச் சற்றுத் தள்ளி, காந்தச் சுருளைக் குளிர்விக்க −269 டிகிரியில் இருப்பது அதுதான். இன்னும் இரண்டு டிகிரி இறக்கினால் உராய்வே இல்லாமல் ஓடும், குவளைச் சுவரில் ஏறி வெளியே வழியும். அவ்வளவு சாகசம் செய்யும் ஹீலியத்தில், தனிச்சுழியை நெருங்கினாலும், செறிபொருளில் இருப்பவை நூற்றுக்குப் பத்துகூட இல்லை. நெரிசல் அப்படி! ஆனாலும் ஓட்டத்தில் மொத்தத் திரவமும் சேர்ந்துகொள்கிறது.

பொகொலியூபொவின் கணக்குக்கு அடுத்த திருத்தத்தை 1957இல் லீ, ஹுவாங், யாங் மூவரும் கணக்கிட்டார்கள். பொடித் திருத்தம்தான். 2016இல் ஸ்டுட்கார்ட் ஆய்வகத்தில், தன் ஈர்ப்பாலேயே நொறுங்கியிருக்க வேண்டிய டிஸ்ப்ரோசியம் வாயுவைச் சொட்டுச் சொட்டாகத் திரட்டித் தாங்கிப் பிடித்தது அதுவே.