காற்றைக் கேட்டுச் சமைக்கும் ஊர்

2024 பிப்ரவரி 28

சென்னைப் பெரம்பூரிலிருந்து குடிபெயர்ந்த தம்பதியின் சாமான் ஏற்றி வந்த லாரி கடலோர மணப்பாட்டில் நின்ற வாரம் ஊரெங்கும் ராக்கெட் பேச்சு. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் அமையவிருக்கும் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமல் இருக்க வளைந்து போயாக வேண்டும். எரிபொருள் அதிலேயே கரையும். இங்கிருந்து பார்த்தால் நேர் தெற்கே திறந்த கடல். சின்ன ராக்கெட்டுகளுக்கு அந்த மிச்சம் பெரிது. ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற கணவருக்கு இதைத் தேநீர்க் கடையில் விளக்கிச் சொல்ல ஆள் கிடைத்தது. இரண்டே நாளில் அவர் ஊருக்கு ‘அண்ணாச்சி’ ஆகிவிட்டார். அவர் மனைவி பள்ளியில் கணக்கு நடத்தியவர் என்று தெரிந்ததும் தெருவே அவரை ‘டீச்சர்’ என்று கூப்பிடத் தொடங்கியது.

வாடகைக்குக் கிடைத்தது பழைய வீடு. தடித்த சுவர், உயர்ந்த கூரை, நீளமான திண்ணை. இலங்கை வியாபாரம் கொழித்த காலத்தில் எழுந்த இத்தகைய வீடுகள் இந்த ஊரில் பல உண்டு. மின்விசிறி இல்லாமலே முன்கூடத்தில் தூங்கலாம்.

மார்ச், முதல் ஞாயிறு

ஊரின் தென்கோடியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று. அதன்மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயமும் கலங்கரை விளக்கமும். புயலில் சிக்கிப் பிழைத்த போர்த்துகீசியக் கப்பலின் தலைவர், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது ஊர் சொல்லும் கதை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை குன்றின் கடல்பக்கச் சரிவில் இருக்கிறது. அலை தெறிக்கும் தூரத்தில் ஒரு கிணறு, தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை. குன்றிலிருந்து பார்த்தால் கருமேனி ஆற்றின் முகமும் நீண்ட மணல்திட்டும் அதற்குள் அடங்கிய நீர்ப்பரப்பும் ஒரே பார்வையில் விழும்.

மார்ச், பங்குனி வெயில்

உடன்குடிப் பக்கம் ஒரு பனங்காட்டுக்கு விடியற்காலையிலேயே போனார்கள். மரத்திலிருந்து இறங்கிய பெரியவர் இடுப்பில் அருவாப்பெட்டி. உள்பக்கம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் நிறைந்திருந்தது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து அதில் ஊற்றிக் கொடுத்தார்கள். இனிப்போடு ஓலையின் பச்சை வாசமும் சேர்ந்து வந்தது. டீச்சர் இரண்டாம் பட்டைக்கும் கை நீட்டினார்.

பிறகுதான் விடிலிக்குள் நுழைந்தார்கள். ஓலை வேய்ந்த குடில், நடுவில் மண் அடுப்பு, அதன்மேல் அகலமான தாச்சி. வடிகட்டிய பதநீர் கொதிக்கத் தொடங்கியதும் நுரை விளிம்புவரை பொங்கியது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா நசுக்கிய ஆமணக்கு விதையில் துளியெடுத்துப் போட, நுரை அப்படியே அடங்கிவிட்டது. வெளிர் நிறம் மெல்லத் தேன்நிறமாகி, பிறகு கறுத்து, குமிழிகள் கனத்து வெடித்தன. கொட்டாங்கச்சித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டை நின்றது. இறக்கித் துடுப்பால் கிண்டி, வரிசையாக அடுக்கியிருந்த சிரட்டைகளில் ஊற்றினார்கள். பத்து லிட்டர் பதநீர் காய்ந்தால் கருப்பட்டி ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். மரம் ஏறுவது ஒருவர், கொதிசூட்டில் நிற்பது இன்னொருவர். பெரும்பாலும் கணவன் மனைவி.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் சீனி கலந்த சரக்கு சந்தையில் ஏராளம். உடைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்: உள்ளே மங்கிய பழுப்பாக இருந்தால் நல்லது, கற்கண்டு மாதிரி மினுங்கினால் கலப்படம். மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்குபவர்கள் உண்மையில் அந்த அம்மாவின் கூலியில்தான் பேரம் பேசுகிறார்கள்.

ஏப்ரல் 15

இன்று முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு விதிக்கும் தடை. சென்னையில் இருந்தபோது இந்தத் தடை அவர்களுக்கு விலைப்பட்டியலாக மட்டுமே தெரியும். வஞ்சிரம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். மணப்பாட்டில் வள்ளங்களுக்குத் தடை இல்லை. விடியலில் கரையேறும் சிறு வள்ளத்தைச் சுற்றி ஏலம் நடக்கும். விளைமீன், பாறை, கணவாய், கிடைத்தால் சாளை.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் டீச்சர் முதலில் படித்தது ஒரு கேள்வியைத்தான். என்ன மீன் வாங்கலாம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

“காத்து எப்படிக்கா?”

“கொண்டல்தான் டீச்சர். வள்ளம் போயிருக்கு. மாங்காய் மட்டும் வாங்கி வைங்க, வந்ததைப் பாத்துக்கிடலாம்.”

அன்று வந்தது சாளை. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் அம்மியில் மைய அரைத்து, மண்சட்டியில் கரைத்து, மாங்காய்த் துண்டு போட்டுக் கொதிக்கவிட்டார்கள். மாங்காய் பாதி வெந்ததும் மீன். பிறகு கரண்டிக்கு வேலை இல்லை, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. கடைசியில் கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காய் எண்ணெயும். புளி இல்லாமல் மீன் குழம்பா என்று சந்தேகப்பட்டிருந்தவர்கள் மறுநாள் பழைய சோற்றுக்கும் அதே சட்டியைத் தேடினார்கள்.

ஜூலை, கச்சான்

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு மணப்பாட்டில் கதவு தாழ்ப்பாள் எல்லாம் தாளம் போடும். பல நாள் வள்ளம் இறங்கவில்லை. தெருவில் கருவாடும் மாசியும் மணக்கத் தொடங்கின. சூரை மீனை அவித்துக் காயவைத்த மாசி மரக்கட்டை போலிருக்கும். இடித்துத் தேங்காய், மிளகாய், வெங்காயத்தோடு சம்பலாக்கினால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கும். இலங்கையோடு இந்தக் கரைக்கு இருந்த போக்குவரத்து இன்றும் உயிரோடிருப்பது இந்தச் சம்பலில்.

மீன் இல்லாத நாள் ஊர்சுற்ற நல்ல நாள். திருச்செந்தூரை அடுத்த தேரிக்காட்டில் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல் மேடு. மணலில் படிந்த இரும்பு ஆக்ஸைடு தரும் சிவப்பு அது. உடையும் பனையும் கொல்லாமரமும் வேர்பிடித்த இடத்தில் மட்டும் மண் நிற்கிறது. மற்ற இடமெல்லாம் காற்று சொன்னபடி நகர்கிறது. அந்தச் செங்காட்டின் நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். மரக்கூட்டத்தின் அடியில் சுனை. குலதெய்வம் கும்பிட வந்த குடும்பம் ஒன்று பொங்கலிட்டு முடித்து, வழிப்போக்கர்களையும் உட்காரவைத்துப் பரிமாறியது.

ஆகஸ்ட், தூத்துக்குடி பஸ்

ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் திருச்செந்தூர் – தூத்துக்குடி சாலை ஒரு நல்ல வாத்தியார். காயல்பட்டினம், ஆறுமுகநேரி, ஆத்தூர். ஆத்தூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. தாமிரபரணி கடலைத் தொடுமுன் கடைசியாக வளர்க்கும் கொடிக்கால்களும் வாழையும் இங்கே. புன்னைக்காயல் பிரியும் இடம் வந்தபோது அண்ணாச்சி சாலையை எட்டிப் பார்த்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழில் தந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் அது. அடுத்து மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் என்று அறிஞர்கள் கருதும் பழையகாயல். பிறகு உப்பளம், உப்பளம், வெள்ளைக் குவியல்.

தூத்துக்குடியில் இறங்கியது மக்ரூனுக்காக. முட்டை வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வாட்டுகிறார்கள். ஐரோப்பாவில் பாதாம் போட்ட பண்டம். இந்தக் கரையில் முந்திரி அந்த இடத்தைப் பிடித்தது. கடலோர ஈரத்தில் திறந்து வைத்தால் சவசவத்துப் போகும் என்பதால் பஸ்ஸிலேயே பொட்டலம் காலியானது.

திரும்பும் வழியில் காயல்பட்டினத்தில் பழைய சக ஊழியர் வீட்டுக் கல்யாணம். களறிச் சாப்பாடு. ஒரே சகன் தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடும் முறை. நெய்ச்சோறு, விறகடுப்பில் வெந்த களறிக் கறி, மாங்காய் போட்ட கத்தரிக்காய், கடைசியில் ரசம்போல இலேசான புளியாணம். டீச்சரோடு சகனைப் பங்கிட்ட மூதாட்டி நல்ல துண்டுகளையெல்லாம் அவர் பக்கம் ஒதுக்கிவிட்டு, “நீங்க விருந்தாளி, நாங்க எப்பவும் சாப்பிடுறதுதானே” என்றார். இந்தக் கரையில் மிகச் சிறந்த சமையல் எதுவென்று கேட்டால் அண்ணாச்சி யோசிக்காமல் சொல்வது இதைத்தான்.

செப்டம்பர் 14

திருச்சிலுவைத் திருவிழா. வெளியூரிலிருந்து வந்த கூட்டத்தில் குன்றே தெரியவில்லை. வீட்டுக்கு வீடு உறவினர், வாசலுக்கு வாசல் அடுப்பு.

அக்டோபர், விஜயதசமி

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. மாலையணிந்து விரதமிருந்து காளி, ராஜா, குரங்கு, குறவன், போலீஸ் என்று வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை பிரித்தவர்கள் இன்றிரவு கடற்கரையில் திரண்டார்கள். மகிஷாசுரன் விழுந்த கணத்தில் எழுந்த முழக்கம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. விடியும்வரை சுக்குக்காப்பிக் கடைகள் அணையவே இல்லை.

டிசம்பர், வாடை

மழை கறுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் பேச்சு முந்தைய வருடத்துக்குப் போய்விடுகிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போயிருந்தது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். அப்போது பக்கத்து ஊர் மக்கள் இருந்த அரிசி பருப்பைத் திரட்டிப் பொங்கிப் போட்டார்கள். ரயிலோடு வாழ்ந்த அண்ணாச்சி இந்தக் கதையை யார் சொன்னாலும் முழுதாகக் கேட்பார்.

கருப்பட்டி ஈரத்தில் கசியும். பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றியாயிற்று.

2025 ஜனவரி

சென்னையிலிருந்து அண்ணன் மகன் குடும்பத்தோடு பொங்கலுக்கு வருகிறான். எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை திருச்செந்தூர். கோயிலும் நாழிக்கிணறும் முடித்து, ஓலைக்கொட்டானில் சில்லுக்கருப்பட்டி வாங்கி, மதியத்துக்குள் மணப்பாடு. பொங்கல் பானைக்கு எரிக்கக் காய்ந்த பனையோலை வந்துவிட்டது. அவிக்கப் பனங்கிழங்குக் கட்டும். மீன் பட்டியல் மட்டும் டீச்சர் எழுதவில்லை.

போனில் அவன் கேட்டது பதநீர். “இப்ப பனங்கிழங்குதான்டா. பதநீர் குடிக்கணும்னா பங்குனியில இன்னொரு தடவை டிக்கெட் போடு” என்றார் டீச்சர்.