கூத்தாடியும் வானம் பார்ப்பவனும்

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. விடிந்தால் ஆட்டம் முடியுமென்று ஒருவன் கிழக்கை நோக்குகின்றான். பொழுது சாய்ந்தால் வேலை முடியுமென்று மற்றவன் மேற்கை நோக்குகின்றான். பழமொழி கூறாது விட்ட மூன்றாமவன் ஒருவன் உளன். அவன் ஆட்டத்தை ஏற்பாடு செய்தவன். அவன் நோக்குவது வானத்தை! பிற்பகலில் எதிர்பாராது மழை இறங்கும் கண்டி நகரிலே அவனுடைய கவலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கல்லூரிக் கட்டட நிதிக்கென இன்னிசை நிகழ்ச்சி நடத்துவது பழைய மாணவர் சங்கங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அத்தகைய குழுக்கள் சிலவற்றிற் கணக்கெழுதும் பணி என்னைச் சார்ந்ததுண்டு. இசைக் குழுவினர் பேராசைக்காரர் என்று ஏற்பாட்டாளரும், ஏற்பாட்டாளர் சுரண்டுவோர் என்று இசைக் குழுவினரும் கூறக் கேட்டிருக்கின்றேன். உண்மையில் வழக்கு ஆசையைப் பற்றியதன்று. நட்டம் வந்தால் அதனைச் சுமப்பவர் யார் என்பதைப் பற்றியதே.

நம் நகரின் பழைய முறையைப் பாருங்கள். எசலப் பெரஹராவில் மேளம் முழக்கியும் ஆடியும் வந்த கலைஞர் பலர், விகாரை நிலங்களையும் தேவாலய நிலங்களையும் அனுபவித்து, அதற்கு ஈடாகப் பரம்பரை பரம்பரையாக அச்சேவையைச் செய்தனர். பொது இராசகாரியம் 1832ஆம் ஆண்டுக் கட்டளையால் ஒழிந்த பின்னரும் கோயில் நிலங்களுக்குரிய சேவை நீடித்தது. 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சேவைப் பற்றுக் கட்டளைச்சட்டம், சேவைக்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் வழி செய்தது. வீதியிற் கூட்டம் பெருகினும் குறையினும் கலைஞனின் வயல் அவனிடமே இருந்தது. மழைக்கு அஞ்ச வேண்டிய தேவை அவனுக்கில்லை.

நம் சைவாலயங்களிலும் ஏறக்குறைய இதுவே நிலை. திருவிழா நாளொன்றின் செலவை உபயகாரர் ஏற்கின்றார். நாதஸ்வர தவிற் குழுவினருக்குரிய தொகை முன்னரே பேசி முடிக்கப்படும். மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத் தேருக்கு எத்தனை பேர் திரண்டாலும் மேளக்காரரின் ஊதியம் அதனாற் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

நுழைவுச் சீட்டு வந்ததும் நிலை மாறிற்று. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: ஆயிரம் ரூபாச் சீட்டு 600 விற்றால் வரவு 600,000. மண்டபம், ஒலிபெருக்கி, விளக்கு, சுவரொட்டி, களியாட்ட வரி ஆகியவற்றுக்கு 300,000 என்க. குழுவுக்கு நிலையான கட்டணம் 200,000 எனில் ஏற்பாட்டாளருக்கு 100,000 மிஞ்சும். மழை பெய்து பாதிச் சீட்டே விற்றால் அவருக்கு 200,000 நட்டம்; குழுவுக்கோ குறைவில்லை. இனி, செலவு போக எஞ்சுவதில் நூற்றுக்கு எழுபது குழுவுக்கு என்று பேசினால், நல்ல நாளில் அவர்களுக்கு 210,000. மழை நாளில் ஒரு சதமும் இல்லை. 100,000 உறுதித் தொகையும், அதற்கு மேல் எஞ்சுவதில் நூற்றுக்கு அறுபதும் என்றாலோ, நல்ல நாளில் குழு 220,000 பெறும். மழை நாளிலும் வெறுங்கையோடு திரும்பாது. ஏற்பாட்டாளரின் நட்டமும் 100,000 ஆகக் குறையும். இம்மூன்றாவது முறையே நடுவுநிலை உடையதென்பது என் துணிபு.

மேல்நாட்டிலும் இதே போராட்டந்தான். 1965ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் பீற்றில்ஸ் குழுவினர் பாடியபோது ஏறத்தாழ 55,600 பேர் கூடினர். வரவு 304,000 டொலர். குழுவினர் பெற்றது 160,000. 1970களின் தொடக்கத்தில் லெட் செப்பலின் குழுவின் முகாமையாளர் பீற்றர் கிராண்ட், வரவில் நூற்றுக்குத் தொண்ணூறு குழுவுக்கே வேண்டுமென்று வாதாடிப் பெற்றார். அரங்கு நிறைவது உறுதியாகையால் எஞ்சிய பத்தும் ஏற்பாட்டாளருக்குப் போதியதாயிற்று. பெயர் பெறாத குழு அவ்வாறு கேட்டல் இயலுமா? இயலாது. நட்டத்துக்கு அஞ்சும் ஏற்பாட்டாளர் அவர்களை அழைக்கவே மாட்டார்.

ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. கண்டிக்கு அண்மையில் ஓரிடத்தில் நடந்த கச்சேரியின் முடிவில், "செலவு போக மிச்சமில்லை" என்றார் ஏற்பாட்டாளர். பங்கு பேசப்பட்டிருந்தது, செலவுக் கணக்கை எவரும் கண்டிலர். குழுத் தலைவர் முற்பணத்தோடு அமைதியடைந்தார். அம்முற்பணத்தில் தபேலா வாசித்த இளைஞனுக்கு எதுவும் கிட்டவில்லை. மாத்தளைக்குப் போகும் முதற் பேருந்துக்கு நாங்கள் சிலர் கட்டணம் சேர்த்துக் கொடுத்தோம். அவன் அதனை வாங்கத் தயங்கியது இன்றும் என் மனத்தை வருத்துகின்றது. இரவு முழுவதும் உழைத்தவன் இரவலன் போல நிற்க நேர்ந்ததன்றோ!

ஆகவே, இனி நிகழ்ச்சி நடத்த முன்வரும் இளைஞர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றேன். எத்தொகையிற் பங்கு, மழை பெய்தால் யார் பொறுப்பு, பணம் எப்போது கொடுபடும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இரு சாராரும் கையொப்பமிடுக. செலவுச் சிட்டைகளைக் குழுவினருக்குக் காட்டுக. பக்கவாத்தியக்காரரின் ஊதியத்தைப் பங்கிற் சேர்க்காது, மண்டப வாடகையைப் போல முதற் செலவாக எழுதி, மேடையை விட்டு இறங்குமுன் அவர்தம் கையிலேயே கொடுத்துவிடுக. இவ்வாறு செய்தால் கட்டட நிதிக்குச் சேரும் தொகை சிறிது குறையலாம், குறையட்டும். கல்லூரியின் சுவரில் ஏறும் கற்களுள் ஒன்றேனும் பிறருடைய கூலியால் வாங்கப்பட்டதாக இருத்தலாகாது.