பண்டிக் காசு: நான் ஏமாந்த கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசித்து, வீட்டில் ஃபோன் பாவிக்கிற உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் சொல்லிவிடுங்கள்.

எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருவன், ஃபேஸ்புக்கில் பழைய காசு வாங்கி ஏமாந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்வது லேசான காரியமில்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் இன்னொரு வீட்டுக்கு நட்டம் வரப் பார்த்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்கட மூத்தாப்பாவிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பழைய காசுகள். பனை மரம் போட்ட செப்புச் சதங்கள், ஓட்டை விழுந்த ஒல்லாந்தர் காசு ஒன்று, அதோடு ஒரு வெள்ளி ரூபா. அந்த வெள்ளி ரூபாவை மட்டும் மூத்தம்மா அல்மாரிக்குள் வைக்க விடமாட்டா. “குர்ஆன் கிடக்கிற அல்மாரில பண்டிக் காச வைக்க வேணாம்” என்பா. மூத்தாப்பா சிரித்துக்கொண்டே டின்னைப் பரணுக்கு ஏற்றிவிடுவார். பெருநாள் அன்றைக்கு மட்டும் இறக்கி, எங்களை வட்டமாக இருத்தி, அந்தக் காசின் கதையைச் சொல்வார்.

கதை உண்மையானதுதான். அந்தக் காலம் இலங்கைக்கு என்று தனி வெள்ளி ரூபாக் காசு கிடையாது. நமது நாட்டுக்கென அடித்தவை சதக் காசுகள்தான். ரூபாக் காசு என்றால் இந்திய வெள்ளி ரூபாதான் இங்கேயும் செல்லுபடியானது. 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையோடு புதிய ரூபா வந்தது. மன்னரின் அங்கியில் சின்னதாக ஒரு யானை. அதன் தும்பிக்கையும் கால்களும் கட்டையாக அமைந்ததால் பார்க்கிறவர்களுக்குப் பன்றி மாதிரித் தெரிந்தது. இந்தியாவில் முஸ்லிம்களிடம் எதிர்ப்புக் கிளம்பியது. அரசாங்கம் வெளியிடுவதை நிறுத்தி, கைவசம் இருந்ததை உருக்கி, 1912 காசில் யானையைத் திருத்திப் போட்டது. அந்த 1911 காசைத்தான் சேகரிக்கிறவர்கள் இன்றைக்கும் பன்றி ரூபா என்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 காலை அந்த டின்னும் வீட்டோடு போய்விட்டது. கடற்கரையோரம் குடியிருந்த நாங்கள் உயிரோடு மீண்டோம், அல்ஹம்துலில்லாஹ். எங்கள் ஒழுங்கையில் மீளாதவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளை இழந்தவர்கள் இருக்கிற ஊரில் ஒரு பிஸ்கட் டின்னுக்காக யார் அழுவது? நானும் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் மனதுக்குள் அது கிடந்தது.

போன வருடம் ஒரு இரவு ஃபேஸ்புக்கில் பழைய காசு விற்கிற பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. “1911 பன்றி ரூபா. முஸ்லிம்கள் எதிர்த்ததால் அரசு திரும்பப் பெற்ற அபூர்வக் காசு. எங்கட அப்பப்பாவின் பெட்டியில் கிடந்தது. அவசரத் தேவைக்கு விற்கிறேன்.” மூத்தாப்பாவின் கதை அப்படியே எழுதியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. 16,500 ரூபா கேட்டார்கள். “இன்னும் ரெண்டு பேர் கேக்கிறாங்க, இண்டைக்கே போட்டா உங்களுக்கு” என்று சொன்னார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. வங்கியில் பணத்தைப் போட்டுவிட்டேன்.

நாலாம் நாள் கூரியரில் காசு வந்தது. கையில் எடுத்ததும் ஏதோ குறைகிறது என்று விளங்கியது. மூத்தாப்பாவின் காசு சின்னக் கையில் கனத்தது ஞாபகம். இது கனக்கவில்லை. ‘நான் வளர்ந்துவிட்டேன், அதுதான்’ என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆசைப்பட்டுவிட்டால் மனம் சாட்டுத் தேடும் என்பது இதுதான்.

அடுத்த நாள் பாடசாலை ஆய்வுகூடத்தில் யாருமில்லாத நேரம் இலத்திரனியல் தராசில் வைத்தேன். 9.6 கிராம். அந்த இந்திய வெள்ளி ரூபாவின் எடை 11.66 கிராம். அந்தக் காலத்து ஒரு தோலா என்பதே அந்த ரூபாவின் எடைதான். பாவித்துத் தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம், ஆனால் எழுத்து முழுக்கத் தெளிவாக இருக்கிற காசில் இரண்டு கிராம் தேய ஏலாது. கைவில்லையால் பார்த்தேன். மன்னரின் கன்னத்தில் ஊசி குத்தினது போல சின்னச் சின்னப் பள்ளங்கள். அது வார்ப்பில் காற்றுக் குமிழி விட்ட அடையாளம். நாணயசாலையில் அடித்த காசில் அப்படி வராது. விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய பொருத்துக் கோடும் ஓடியது. இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடம்.

அந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பினேன். என்னைத் தடை செய்துவிட்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. ஸ்டாஃப் ரூமிலும் சொல்லவில்லை. காசு மேசை லாச்சிக்குள் கிடந்தது. இரண்டு மாதம் கழித்து தரம் 10க்கு மேலுதைப்புப் பாடம் வந்தபோது அதை வெளியே எடுத்தேன். “என்ட கூட்டாளி ஒருவர் வாங்கி ஏமாந்த காசு இது. இது வெள்ளியா இல்லையா என்று நீங்களே கண்டுபிடியுங்க” என்றேன். பிள்ளைகள் நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தார்கள். வளியில் 9.6, நீரில் 8.5. வித்தியாசம் 1.1. ஆகவே அடர்த்தி ஏறத்தாழ 8.7. அசல் ரூபாவில் நூற்றுக்கு 92 பங்கு அளவில் வெள்ளி இருப்பதால் 10.3 அளவில் வர வேண்டும். “சேர், இது செம்பும் வேற என்னமோ கலந்த சாமான்” என்று ஒரு மகன் பின்வாங்கிலிருந்து சத்தம் போட்டான். நல்ல பாடம். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அந்தக் கூட்டாளியைப் பார்த்து.

அந்தக் கிழமை வியாழக்கிழமை, பின்வாங்கு மகனின் உம்மா பாடசாலைக்கு வந்தா. கையில் ஃபோனும் கைக்குட்டையில் முடிந்த ஒரு காசும். 1957 புத்த ஜயந்தி ஒரு ரூபா. ஃபேஸ்புக்கில் “இந்தக் காசு உங்களிடம் இருக்கிறதா? 32 இலட்சம் தருகிறோம்” என்று விளம்பரம் பார்த்து வட்சப்பில் பேசியிருக்கிறா. முதலில் பதிவுக் கட்டணம் 4,500. கட்டிவிட்டா. பிறகு கூரியர் காப்புறுதி 12,000. அதையும் கட்டிவிட்டா. இப்போது மத்திய வங்கிச் சான்றிதழுக்கும் வரிக்கும் என்று 68,000 கேட்கிறார்கள். வங்கி இலச்சினை போட்ட கடிதம் ஒன்றும் ஃபோனுக்கு வந்திருக்கிறது. காப்பை அடகு வைக்கப் போகும் வழியில், மகன் சொன்ன கதை ஞாபகம் வந்து என்னிடம் வந்திருக்கிறா.

“இது பொய் ராத்தா, ஒரு சதமும் கட்டாதீங்க” என்றேன்.

அவ நம்பவில்லை. “இல்ல சேர், அவங்க நல்லாப் பேசுறாங்க. கடிதமும் கிடக்கு. படிச்ச ஆக்கள் மாதிரி. உங்கட கூட்டாளி பாத்து வாங்கல்ல போல. நாங்க யோசிச்சித்தான் செய்யிற.”

அந்த இடத்தில் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. “அந்தக் கூட்டாளி நான்தான் ராத்தா” என்றேன். “பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபா. என்ட பொண்டாட்டிக்கும் தெரியா.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றா. பிறகு வாங்கில் இருந்து ஃபோனை என்னிடம் நீட்டினா. “அப்ப நீங்களே பாருங்க சேர்” என்றா. நான் சொன்ன அடர்த்தியும் எடையும் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்தது. அவ கட்டின 16,500 ரூபா திரும்பி வரவில்லை. ஆம், கூட்டிப் பாருங்கள், என் தொகையும் அவவின் தொகையும் ஒன்றுதான். ஆனால் காப்பு கையிலேயே இருக்கிறது.

அவவின் காசு அசல் காசு. ஆனால் அது செம்பு நிக்கல் கலந்தது. அதே ஆண்டு வந்த ஐந்து ரூபா ஞாபகார்த்தக் காசுதான் வெள்ளி. இரண்டுக்குமே இலட்சக்கணக்கில் விலை இல்லை. என் விடயத்தில் கதை உண்மை, காசு பொய். அவவின் விடயத்தில் காசு உண்மை, கதை பொய். காசைத் தராசில் நிறுக்கலாம். கதையை நிறுக்கத் தராசு இல்லை. இரண்டு பேரும் கதையைத்தான் நம்பினோம்.

இது நம்மூரில் மட்டும் நடப்பதும் இல்லை. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் பெயரையும் இலச்சினையையும் போட்டு, பழைய நோட்டும் காசும் வாங்குகிறோம் என்று கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே, தாங்கள் அப்படி எதுவும் செய்வதில்லை, யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று பொதுமக்களை எச்சரித்து அறிக்கை விட்டது. அதே வலைதான் இப்போது நம் கரையிலும் விழுந்திருக்கிறது.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டுபிடித்த சம்பவம் நம் எல்லாருக்கும் தெரியும். மறைத்து விற்றவரைக் கண்டித்த ஹதீஸாகத்தான் அதைப் பயானில் கேட்போம். இப்போது எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. குவியலின் மேல்பக்கத்தோடு நிற்காமல் கையை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார்கள். வாங்குகிற நமக்கும் அதில் படிப்பினை இருக்கிறது.

இனி வாங்க, விற்க நினைக்கிறவர்களுக்கு:

1. நீங்கள் விற்கிறீர்கள் என்றால் பணம் உங்களுக்கு வர வேண்டும். பதிவு, வரி, காப்புறுதி, சான்றிதழ் என்று எந்தப் பெயரில் உங்களிடம் முதலில் பணம் கேட்டாலும் அதோடு நிறுத்துங்கள். மத்திய வங்கி வட்சப்பில் வரி அறவிடாது.

2. நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால் தராசில் வைத்து எடை தெரியும்படி படம் கேளுங்கள். அந்த வெள்ளி ரூபா 11.66 கிராம். தங்கப் பவுண் காசு 7.98 கிராம், 22 கரட்.

3. அன்றைய திகதியையும் உங்கள் பெயரையும் ஒரு துண்டில் எழுதி, காசுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். விளிம்பையும் படம் கேளுங்கள். காசு கையில் இல்லாதவர் சாட்டுச் சொல்வார்.

4. காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை. ஒட்டாவிட்டால் அசல் என்று நினைக்கவும் வேண்டாம். செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. முடிந்தால் நேரில் சந்தித்து, கல்முனை பஸாரில் தெரிந்த நகைக்கடை ஒன்றில் உரைத்துப் பார்த்து வாங்குங்கள்.

5. கிழக்கிந்தியக் கம்பனி 1818 என்று தெய்வ உருவங்கள் போட்ட காசுக்கு அபூர்வ சக்தி இருக்கிறது என்பார்கள். கம்பனி அப்படிக் காசு புழக்கத்துக்கு விடவில்லை. “கிணறு வெட்டும்போது கிடைத்தது, புதையல்” என்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள். பெரும்பாலும் பித்தளைக்குத் தங்க முலாம் பூசியது. அசலாக இருந்தாலும், மண்ணுக்குள் கிடைத்த தொல்பொருள் நம் சட்டப்படி அரசாங்கத்துக்குரியது. வாங்கினவரும் மாட்டுவார்.

6. அடையாள அட்டைப் படம், வங்கி அட்டை இலக்கம், ஃபோனுக்கு வருகிற ஓடிபி இலக்கம், எதையும் கொடுக்க வேண்டாம்.

7. ஏமாந்துவிட்டால் செய்திகளையும் வங்கிப் பற்றுச்சீட்டையும் அழிக்காமல் வைத்து, உடனே வங்கிக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். இணைய மோசடிகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கம் இருக்கிறது. அதற்கு முதல் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். நான் இரண்டு மாதம் சொல்லாமல் இருந்ததுதான் இதில் நான் செய்த பெரிய பிழை.

என் மனைவி இந்தப் பதிவைப் போடுவதற்கு முதலே வாசித்துவிட்டா. ஏச்சு விழுந்தது. பிறகு, “சொல்லியிருந்தா மூத்தாப்பாட கதையையாவது புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாமே” என்றா. அதுவும் சரி. நேற்றிரவு பிள்ளைகளை இருத்தி, கையில் காசில்லாமலே அந்தக் கதையைச் சொன்னேன்.

போலிக் காசு ஆய்வுகூட லாச்சியில்தான் இருக்கிறது. அடுத்த வருடத் தரம் 10க்கும் உதவும். இந்த முறை யாருடைய காசு என்பதையும் சொல்லிவிடுவேன்.

உங்கள் வீட்டில் பழைய காசு இருந்து, விற்க முன்னம் சந்தேகம் இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன். பணம் வேண்டாம், துஆ போதும்.

வஸ்ஸலாம்.