கார்பன் பாய்மரம் எத்தனை வருடம் உழைக்கும்?

நயினார்கோவிலில் கடல் இல்லை. கண்மாய், மிளகாய்க் காடு, கருவேலமரம் இவைதான். ஆனால் கிழக்கே போனால் தேவிபட்டினம், தொண்டி என்று பாக் நீரிணைக் கரை வந்துவிடும். அங்கே பாய் கட்டி ஓட்டும் படகுக்கு வத்தை என்று பெயர். வத்தையின் பாய்மரம் நிஜமாகவே மரம்தான். அதைப் பார்த்துப் பழகியவர்களிடம் கார்பனில், அதாவது கரியில் செய்த பாய்மரம் என்று சொன்னால் சிரிப்பார்கள். அடுப்புக்கரியிலா பாய்மரம் செய்வார்கள்?

கிட்டத்தட்ட அப்படித்தான்! தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழைகளை எபாக்ஸி பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, சூடாக்கி இறுக வைத்தால் ஒரு குழாய் கிடைக்கும். அதுதான் கார்பன் பாய்மரம். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியத்தின் எடை 2.7 கிராம். இதுவோ சுமார் 1.6 கிராம்தான். மேலே எடை குறைந்தால் படகு காற்றில் சாய்வதும் குறையும், வேகமும் கூடும். சென்னையைச் சேர்ந்த கே.சி.கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது 'ஃபார்ட்டி நைனர்' வகைப் படகில். அந்த வகைக்கு 2009-லேயே அலுமினியம் போய் கார்பன் பாய்மரம் வந்துவிட்டது.

கார்பன் துருப்பிடிக்காது, செல்லரிக்காது, மக்காது. அப்படியானால் பராமரிப்பே வேண்டாமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அதற்கு எதிரிகள் மூன்று.

முதலாவது வெயில். இழையை ஒன்றும் செய்யாது, ஆனால் பிசினைக் கெடுத்துவிடும். அதனால் மேலே பூசிய பெயிண்ட் அல்லது வார்னிஷ் உரிந்தால் உடனே மறுபடி பூச வேண்டும்.

இரண்டாவது உப்புத் தண்ணீர். கார்பன் மின்சாரம் கடத்தும். அதன்மேல் நேரடியாக அலுமினியப் பாகத்தைப் பொருத்தி உப்பு நீரும் பட்டால், இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி போல ஆகி, அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். எனவே நடுவில் கண்ணாடி இழையோ நைலான் வாஷரோ வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை கரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

மூன்றாவது அடி. மரம் விரிந்தால் கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் நசுங்கினாலும் தெரியும். கார்பனோ வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல, இதையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல இடம் 'டண்' என்று கேட்கும். கெட்ட இடம் 'டொக்'. சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்ட் சோதனை.

இவ்வளவு அக்கறை எதற்கு? நடுக்கடலில் பாய்மரம் ஒடிந்தால் உயிர்ப் பிரச்சினை. 2018 செப்டம்பரில் கோல்டன் குளோப் போட்டியில் அபிலாஷ் டோமியின் 'துரியா' புயலில் பாய்மரம் இழந்தது. பழைய காலத் தொழில்நுட்பத்தோடு மட்டுமே ஓட்ட வேண்டிய போட்டி அது. கார்பனுக்கு அங்கே இடமில்லை. முதுகில் பலத்த காயத்தோடு இந்தியப் பெருங்கடலில் தனியாகக் கிடந்தவரை பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' காப்பாற்றியது. சரி, கார்பன் என்றால் ஒடியாதா? 2020 நவம்பரில், வாந்தே குளோப் போட்டியில் நிக்கோலா த்ரூசெலின் நவீனப் படகும் பாய்மரத்தை இழந்தது!

வணிகவியல் மாணவர்களுக்குத் தேய்மானம் தெரியும். ஒரு பொருளின் மதிப்பை வருடா வருடம் ஒரே அளவாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கார்பன் பாய்மரம் அந்தக் கணக்குக்கு அடங்காது. கவனித்தால் பல வருடம் புதுசு போலவே நிற்கும். கவனிக்காத ஒரு விரிசல் இருந்தால், ஒரே நாளில் அதன் மதிப்பு பூஜ்யம். கூடப் போகக்கூடியதோ எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாத ஒன்று.

வத்தையில் போகிறவர் பாய் விரிக்கும் முன் மரத்தைத் தடவிப் பார்ப்பார். பொருள் கார்பனாக மாறினாலும் அந்தப் பழக்கம் மாறக் கூடாது. உண்மையில் உழைப்பது பாய்மரம் மட்டுமல்ல, அதைப் பார்த்துக்கொள்ளும் கையும்தான்.